மாற்றுக்கையா, பொய்க்கையா: அவயவம் இழந்தோர்க்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கணக்கு

சென்ற தைப்பொங்கலுக்கு மறுநாள், ரொறொன்ரோவில் இருக்கும் என் பெரியம்மாவின் இளைய மகன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளியைப் போட்டிருந்தார். இரண்டு கைகளையும் இழந்த ஒருவருக்கு, மூளைச்சாவடைந்த வேறொருவரின் கைகளைப் பொருத்தியிருந்தார்கள். அவர் அந்தக் கைகளால் தேநீர்க் குவளையைத் தூக்கிக் குடித்துவிட்டுச் சிரித்தார். கீழே “அண்ணைக்கும் இதைச் செய்விப்பம், காசை நான் பாக்கிறன்” என்று ஒரு வரி. அவர் அண்ணை என்றது, தென்மராட்சியில் மரக்காலையொன்றில் வட்டவாள் பட்டு வலது கையை மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலே இழந்த மூத்தவரை. குடும்பத்தில் உயிரியல் படிப்பிப்பவள் நான் ஒருத்தியே என்பதால், இது சரிவருமா என்று விசாரித்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மூன்று மாதமாக வைத்தியர்களையும், செயற்கை அவயவம் செய்பவர்களையும், அவற்றை அணிந்து வாழ்பவர்களையும் கேட்டும், கிடைத்ததை வாசித்தும் நான் வந்து சேர்ந்த இடத்தை எழுதுகிறேன். எந்தக் கை சிறந்தது என்று கேட்டுத்தான் தொடங்கினேன். எந்தக் கையை இங்கிருந்தபடியே ஆயுள் முழுவதும் பராமரிக்கலாம் என்று கேட்டு முடித்தேன். இழந்தது காலா கையா, ஒன்றா இரண்டா என்பதைப் பொறுத்து அதற்கான விடை தலைகீழாக மாறுகிறது.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. வெட்டுண்ட சொந்தக் கையைத் திரும்பத் தைத்துப் பொருத்துவதும், இன்னொருவரின் கையைப் பொருத்துவதும் ஊரில் ஒரே பேச்சாகவே அடிபடுகின்றன. முன்னையது, 1962இல் பொஸ்ரன் நகரில் ரொனால்ட் மால்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 12 வயதுச் சிறுவன் ஒருவனின் கையை மீளப் பொருத்திக் காட்டிய பின்னர் பல நாடுகளிலும் பரவிய வைத்தியம். தன் உடம்பின் சதை என்பதால் உடல் அதை எதிர்ப்பதில்லை. காலமெல்லாம் மருந்து குடிக்க வேண்டியதுமில்லை. ஆனால் தசை நிறைந்த துண்டமாயின், குளிரூட்டாத நிலையில் ஏறத்தாழ 6 மணித்தியாலத்துக்குமேல் அது தாங்காது. எங்கள் அண்ணையின் கையை அன்று மரக்காலையில் நின்றவர்கள் நல்ல மனத்தோடுதான் மீன்பெட்டி ஐஸுக்குள் நேரே புதைத்துக் கொண்டோடினார்கள். ஐஸ் நேரே பட்ட சதை உறைந்து கெட்டுப்போயிருந்தது. சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையிலிட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த வாளிக்குள் வைப்பதே முறை. இது என் பேசுபொருளுக்குச் சற்று விலகியதுதான். ஆயினும் அந்த மரக்காலையின் சுவரில் இந்த நான்கு வரியும் எழுதியிருந்தால் எங்கள் வீட்டில் இந்த விசாரணைக்கே இடம் வந்திராது என்று எனக்குத் தோன்றாத நாளில்லை.

காலின் கணக்குச் சுருக்கமானது. வடக்கில் அவயவம் இழந்தவர் என்றால் நம் கண்ணுக்கு முதலில் வருபவர் கால் இழந்தவரே. முன்பு மிதிவெடியும் எறிகணையும் காலைக் கொண்டுபோயின. இப்போது நீரிழிவு கொண்டுபோகிறது. இவர்களுக்கு மாற்றுக்கால் பொருத்தலாமா என்று கேட்டால், உலக அனுபவம் ‘வேண்டாம்’ என்றே சொல்கிறது. ஒருவருக்கு இரண்டு கால்களையும் மாற்றிப் பொருத்திய முதற் சத்திரசிகிச்சை 2011 ஜூலையில் ஸ்பெயினின் வலென்சியா நகரில் பேத்ரோ கவாதாஸ் தலைமையில் நடந்தது. பின்னர் அந்நோயாளிக்கு வேறொரு நோய் வந்து, உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுத்த மருந்துகளை நிறுத்த வேண்டியதாயிற்று. 2013இல் கால்கள் இரண்டும் அகற்றப்பட்டன. 2012இல் துருக்கியில் ஒரே ஆளுக்கு இரு கை இரு கால் நான்கையும் பொருத்திய முயற்சி சில நாட்களுக்குள் அவரது உயிரோடு முடிந்தது.

இதற்கு அடியில் எளிய உடலியல் இருக்கிறது. வெட்டி இணைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் மட்டுமே வளரும். தொடையின் மேற்பகுதியிலிருந்து பாதம்வரை 80 சென்ரிமீற்றர் என்று வைத்தால், நரம்பு பாதத்தைச் சென்றடைய 800 நாட்கள் செல்லும். நரம்புக்காகக் காத்திருக்கும் தசையோ ஒரு வருடம், ஒன்றரை வருடத்துக்குமேல் தாக்குப்பிடிக்காது. நரம்பு போய்க் கதவைத் தட்டும்போது வீட்டில் ஆளிராது. மறுபக்கத்தில், காலின் முதல் வேலை பாரம் தாங்குவது. அந்த வேலையை றப்பரும் மரமும் பிளாஸ்திக்கும் நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டன. 1968இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற என்பியல் வைத்தியரும் சேர்ந்து உருவாக்கிய ஜெய்ப்பூர்ப் பாதம், சப்பாத்து இல்லாமல் நடப்பவரையும், குந்தி இருப்பவரையும், சேற்று வயலில் இறங்குபவரையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. நல்லூர் வீதியில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடக்கும் ஒருவருக்கு இந்தப் பாதத்தின் அருமை தெரியும். யாழ்ப்பாணத்தில் எல்லோரும் ஜெய்ப்பூர் நிறுவனம் என்றே அழைக்கும் நிலையத்தில் அளவெடுத்து, பொருத்தி, தேய்ந்தால் திருத்தி, நடக்கவும் பழக்கிவிடுகிறார்கள். தொடை என்புக்குள்ளேயே உலோகத் தண்டைப் பதித்து அதில் பொய்க்காலை மாட்டும் முறையொன்று 1990இல் சுவீடனில் தொடங்கியது. தோலைத் துளைத்து வெளியே நிற்கும் அந்த உலோகத்தைச் சுற்றி நாள்தோறும் துப்புரவு பேண வேண்டும் என்பதால், கிணற்றடி வாழ்க்கைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நீரிழிவால் கால் போனவருக்கோ, குருதிக்குழாய்களும் சிறுநீரகங்களும் ஏற்கெனவே அடிவாங்கியிருக்கும். நிராகரிப்பைத் தடுத்தாலும் சீனியை ஏற்றி, சிறுநீரகத்தையும் வருத்தும் அந்த மருந்தை அவருக்குக் காலம் முழுவதும் கொடுக்க எந்த வைத்தியரும் துணியார்.

கை வேறு சங்கதி. கைக்குப் பாரம் தாங்குவது சிறுவேலை, தொட்டறிவதே பெருவேலை. சோற்றைக் குழைக்கும்போது சூடு பார்ப்பதும், மாம்பழத்தை அமத்திப் பதம் பார்ப்பதும், இருட்டில் ஆழியைத் தேடிப் போடுவதும் எந்தப் பொய்க்கைக்கும் இன்னும் சரிவராதவை. அதனால்தான் கைமாற்று என்ற எண்ணம் வைத்தியர்களை விட்டுவைக்கவில்லை. 1964இல் தென்னமெரிக்காவின் எக்குவடோரில் முதன்முதலாக ஒரு கடலோடிக்குக் கை பொருத்தினார்கள். ஏறத்தாழ இரண்டு கிழமையில் உடல் அதைத் தள்ளிவிட்டது. 34 ஆண்டுகள் கழித்து, 1998 செப்ரெம்பரில் பிரான்சின் லியோன் நகரில் ஜான் மிஷேல் துபர்னார் தலைமையில் ஒரு நியூசிலாந்துக்காரருக்கு வெற்றிகரமாகப் பொருத்தினார்கள். அந்தக் கை நன்றாகவே இரத்தம் ஓடி உயிர்த்திருந்தது. ஆனால் அவரால் அதைத் தன் கையாக ஏற்க முடியவில்லை; மருந்தை ஒழுங்காகக் குடிக்கவுமில்லை; கடைசியில் அவரே கேட்டு 2001 பெப்ரவரியில் லண்டனில் வெட்டி எடுப்பித்தார். 1999 ஜனவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் கை பெற்றவரோ மருந்தை விடாமல் குடித்தார். அவரது கை பல்லாண்டுகள் நின்று பயன் தந்தது. இரண்டிடத்திலும் கத்தி பிடித்தவர்கள் கெட்டிக்காரர்களே. வித்தியாசம் வீட்டுக்குப் போன பிறகு நடந்தவற்றில் இருந்தது.

நமக்கு அண்மையில், 2015 ஜனவரியில் கொச்சி அமிர்தா வைத்தியசாலையில் சுப்பிரமணிய ஐயர் தலைமையிலான குழு இந்தியாவின் முதல் இருகை மாற்றைச் செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில், வெடி அகற்றும்போது இரு கைகளையும் இழந்த ஆப்கானிஸ்தான் படைவீரர் ஒருவருக்கும் அங்கேயே கைகள் பொருத்தினார்கள். முகமாலை மிதிவெடி வயல்களின் கதை தெரிந்த எவருக்கும் இந்தச் செய்தி வேறு விதமாகத் தைக்கும். 2018 பெப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு வைத்தியசாலையில், மின்சாரம் தாக்கி இரு கைகளும் போன திண்டுக்கல் பக்கத்து இளைஞர் ஒருவருக்குச் செய்தார்கள். இந்த மூவரும் இரு கைகளையும் இழந்தவர்கள். ரொறொன்ரோவிலிருந்து வந்த காணொளியில் சிரித்தவரும் அப்படித்தான். எங்கள் அண்ணைக்கோ இடது கை முழுதாக இருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை குடும்பக் குழுவில் யாரும் கவனிக்கவில்லை. முதல் இரண்டு கிழமை நானும் கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சத்திரசிகிச்சையை நான் நீட்டி எழுதப்போவதில்லை. முன்கையின் இரண்டு என்புகளையும் தகடும் திருகாணியும் வைத்து இணைத்து, நாடிகளையும் நாளங்களையும் உருப்பெருக்கியின் கீழ்த் தைத்து இரத்தோட்டத்தை மீட்டு, விரல்களை மடக்கி நீட்டும் தசைநாண்களையும், பெரிய நரம்புகளையும் ஒவ்வொன்றாகக் கோத்து, கடைசியில் தோலை மூட வேண்டும். பல குழுக்கள் மாறி மாறி நின்று 10 மணித்தியாலத்துக்கும் மேலாகச் செய்யும் வேலை. அதன் பின் மாதக்கணக்கில், நாளுக்குப் பல மணித்தியாலம், இயன்மருத்துவரோடு இருந்து விரலை அசைக்கப் பழக வேண்டும். அண்ணைக்குக் கை போன இடத்திலிருந்து விரல் நுனி ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர். நரம்பு அங்கே போய்ச்சேர எட்டு மாதமாவது ஆகும். காலைப்போல் இது நடவாத காரியமன்று. கை பெற்றவர்களின் சர்வதேசப் பதிவேட்டின்படி, நோவையும் சூட்டையும் உணரும் அடிப்படை உணர்வு ஓராண்டுக்குமேல் கவனிக்கப்பட்ட எல்லோருக்கும், தொடுகையை உணரும் திறன் 10 பேரில் 9 பேருக்கும் திரும்பியிருக்கிறது. ஆகவே, கைமாற்று வெறும் விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது.

சிக்கல், உடல் புதுக் கையை நிராகரிக்காமலிருக்கக் காலமெல்லாம் குடிக்க வேண்டிய குளிசையில் இருக்கிறது. பொதுவாக டக்ரோலிமஸ், மைக்கோஃபீனொலேற், பிரெட்னிசொலோன் என்ற மூன்றும் சேர்ந்து ஓடும். டக்ரோலிமஸைப் பெரும்பாலும் 12 மணித்தியாலத்துக்கொரு தடவை, நேரம் தவறாமல் குடிக்க வேண்டும்; இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் உடல் கையை எதிர்க்கும், கூடினால் சிறுநீரகம் கெடும். அதனால் அளவைத் திரும்பத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும். அது சீனியை ஏற்றும். சிலருக்குக் கையில் நடுக்கத்தையும் கொண்டுவரும். கைக்காகக் குடிக்கும் மருந்து கையையே நடுங்கவைப்பதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நீண்ட காலத்தில் தொற்றுகளுக்கும் சிலவகைப் புற்றுநோய்களுக்கும் இடம்பாடு கூடும். இவ்வளவும் குடித்தும், அதே பதிவேட்டின்படி ஏறத்தாழ 85 வீதமானோருக்கு முதலாண்டிலேயே ஒருமுறையாவது நிராகரிப்பு தலைகாட்டியது. மாற்றிப் பொருத்தும் பாகங்களில் உடல் மிகக் கடுமையாக எதிர்ப்பது தோலைத்தான். ஒரு நன்மை: சிறுநீரகத்தில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது, கையிலோ சிவந்த திட்டுகள் வெளியே தெரியும், உடனே போனால் பெரும்பாலும் அடக்கலாம். உடனே போவதற்கு, அதை அடையாளம் காணத் தெரிந்த வைத்தியர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதே நம் பாடு.

இப்போது அண்ணையின் வாழ்க்கையை இந்தப் பட்டியலின் மேல் வைத்துப் பார்க்கலாம். அவர் செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் வைப்பவர். மண்ணோடும் வாய்க்காலோடும் நாள் முழுதும் நிற்பவர். எதிர்ப்புச் சக்தியைத் தணித்து வைத்திருக்கும் உடம்புக்கு எலிக்காய்ச்சலும் மண்ணிலிருந்து வரும் மற்றத் தொற்றுகளும் சாதாரணமானவையல்ல. பெரியப்பா நீரிழிவில் சிறுநீரகம் பழுதாகி இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொண்டே போனவர். அண்ணைக்கும் சீனி எல்லையில் நிற்கிறது. பின்வளவில் பம்பளிமாசு மரம் நிற்கிறது, அதன் பழம் டக்ரோலிமஸின் அளவை ஏற்றக்கூடிய இனத்தைச் சேர்ந்தது. காசநோய் வந்தால் கொடுக்கும் ரிஃபாம்பிசின் அதே அளவை இறக்கிவிடும். காய்ச்சலென்றால் முதலில் கசாயம் வைக்கும் வீடு அது. போதாக்குறைக்கு, 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்பதை நாங்கள் எல்லோரும் அனுபவித்தோம். 2000களின் தொடக்கத்தில் சீனாவில் கை பொருத்தப்பட்டவர்களில் பலர் பின்னர் அந்தக் கைகளை இழந்தார்கள். சத்திரசிகிச்சை தோற்றதால் அன்று, மருந்து தொடராததால். கொழும்பிலேயே மருந்து இல்லாத ஒரு மாதத்தை இந்த நாடு இனிக் காணாது என்று எழுதித் தருவார் எவருமில்லை.

சிறுநீரக மாற்றுக்கும் இதே குளிசைகள்தானே, அதை ஆட்கள் செய்கிறார்களே என்று ரொறொன்ரோத் தம்பி கேட்டார். கேட்டது நியாயம். சிறுநீரகம் இல்லாவிட்டால் உயிர் இல்லை. உயிருக்காக ஏற்கும் ஆபத்தை, ஒரு கை நலமாயுள்ள ஒருவர் மறு கைக்காக ஏற்பது வேறு. இன்னொன்றும் இருக்கிறது: மாற்றுக்கை வைத்து அது தோற்றால், அதற்கெதிராக உடலில் உருவான பிறபொருளெதிரிகள் பின்னொருநாள் சிறுநீரகம் தேவைப்படும்போது பொருத்தம் கிடைப்பதைக் கடினமாக்கலாம். பெரியப்பாவின் மகனுக்கு இது ஏட்டுக்கணக்கு அன்று.

மற்றப் பக்கத்தில் இருப்பது என்ன? அண்ணையிடம் ஏற்கெனவே ஒரு கொக்கிக்கை இருக்கிறது. பிளவுபட்ட உலோகக் கொக்கி. அமெரிக்காவில் டொரன்ஸ் என்பவர் 1912இல் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வழிவந்தது. தோளின் பின்னால் ஓடி மறு கமக்கட்டைச் சுற்றும் வார். அதிலிருந்து கொக்கிக்கு ஒரு கம்பி. தோளை முன்னே தள்ளினால் கொக்கி திறக்கும், விட்டால் றப்பர் வளையம் மூடும். வெங்காயம் பிடி கட்டும் நாட்களில் அவர் பக்கத்தில் இருந்து பார்த்தேன். காய்ந்த தாள்களைச் சேர்த்துக் கொக்கியில் கொடுத்து இறுக்கிக்கொண்டு, இடக்கையால் நாரைச் சுற்றி, பல்லால் ஒரு நுனியை இழுத்து முடிச்சைப் போடுகிறார். எங்கள் மாமி ஒரு பிடி கட்டும் நேரத்துக்கு அவர் ஒன்று கட்டிவிடுகிறார். றப்பர் வளையம் நைந்தபோது பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போட்டுக்கொண்டார். கம்பி அறுந்தபோது சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் சைக்கிள் பிரேக் கம்பி வாங்கி மாட்டினார். அதுவும் இதுவும் ஒரே தொழில்நுட்பம்தான் என்பதால் அது வேலையும் செய்தது. பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

குறையும் இருக்கிறது. நல்லூர்க் கோயிலில் மேலாடை களைந்து நிற்கும்போது அந்த வார் முதுகின் குறுக்கே எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அவர் திருவிழாவுக்குக் கொக்கியைக் கழற்றிவிட்டு வருவார். கலியாணவீடுகளுக்கென்று ஒரு அழகுக்கை வைத்திருந்தார், தோல் நிறத்தில் உறை போட்டது; அசையாது, படத்துக்கு மட்டும் நல்லது. இரண்டாம் கலியாணத்திலேயே சொதியும் மஞ்சளும் பட்டு உறை மஞ்சளாகி, இப்போது அலுமாரியில் கிடக்கிறது. தசையின் மின்சைகையை உணர்ந்து மோட்டரால் விரலை மடக்கும் மின்கையைத்தான் தம்பி அடுத்ததாகச் சொன்னார். பார்வைக்கு அருமையானது, பல பிடிகள் பிடிக்கும். ஆனால் பாரம் கூட, பற்றரி தினமும் ஏற்ற வேண்டும், தண்ணீரும் புழுதியும் பெரும்பாலானவற்றுக்கு ஆகாது, சித்திரை வெய்யிலில் உறைக்குள் வியர்த்தால் உணரி சைகையைப் பிழையாக வாசிக்கும், பழுதானால் யாழ்ப்பாணத்துக்கு வெளியே அனுப்ப வேண்டும். மேசை வேலை செய்யும் ஒருவருக்கு நான் இதை மறுக்க மாட்டேன், தோட்டக்காரருக்கு மறுப்பேன்.

ஒன்றும் அணியாமல் இருப்பதும் ஒரு தெரிவுதான் என்பதை ஏனோ எவரும் சொல்வதில்லை. ஒரு கை உள்ளவர்களில் கணிசமானோர் பொய்க்கையைப் பெற்றுச் சில மாதங்களில் கைவிட்டுவிடுகிறார்கள். அதைச் சோம்பல் என்று சொல்லக்கூடாது: எஞ்சிய கைத்துண்டத்தின் தோலுக்கு உணர்வு இருக்கிறது, அதை மூடிக் கட்டினால் அந்த உணர்வும் போகிறது. அண்ணைகூட குழந்தையைத் தூக்கும்போது கொக்கியைக் கழற்றி வெறுந்துண்டத்தாலேயே அணைத்துத் தூக்குவார். விரல்கள் மட்டும் போனவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: கால் விரலை எடுத்துக் கையில் பெருவிரலாகப் பொருத்துவது. 1968இல் இங்கிலாந்தில் ஜோன் கொபெற் செய்து காட்டியது. சொந்த விரல் என்பதால் எதிர்ப்பு மருந்து தேவையில்லை. இல்லாத கையில் நோவு எடுக்கிறது என்பதற்காக மாற்றுக்கை கேட்பவர்களுக்கோ, தமிழரான வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் அறிமுகப்படுத்திய கண்ணாடிப் பயிற்சியை முதலில் செய்து பார்க்கச் சொல்வேன்; முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று போதும்.

ஆகவே அண்ணைக்கு நான் சொன்னது: மாற்றுக்கை வேண்டாம். அவருக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தம்பிக்குத்தான் இருந்தது.

இரு கைகளும் இல்லாதவரிடத்தில் இதே கணக்கு இப்படி முடியாது. எங்கள் ஒழுங்கையில் முல்லைத்தீவிலிருந்து வந்து குடியேறிய ஒருவர் இருக்கிறார். 2009இல் வெடிபொருள் ஒன்றில் இரு கைகளும் முழங்கைக்குக் கீழே போயின. ஒரு கண்ணும் போய், மற்றக் கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. அவருக்கும் கொக்கிக்கைகள் கிடைத்தன. ஆனால் கொக்கிக்கும் மின்கைக்கும் கண் வேண்டும்: எதைப் பிடிக்கிறோம், பிடி இறுகிவிட்டதா என்பதைப் பார்த்தே அறிய வேண்டும். கண் தெரியாதவருக்குக் கைதான் கண். உணர்வில்லாத கை அவருக்குப் பாதிக்கும் குறைவாகவே உதவும். குளிப்பது, மலசலகூடம், உடுப்பு எல்லாம் மனைவியின் கையால். அவருக்கு முப்பத்தைந்து வயதுதான் ஆகிறது.

இப்படிப்பட்டவர்களுக்காகவே ஒரு நூற்றாண்டுக்கு முந்திய முறையொன்று இருக்கிறது. அதை இப்போது பலர் மறந்துவிட்டதில் எனக்கு ஆற்றாமை உண்டு. 1917இல் ஜெர்மனியின் ஹேர்மன் குருக்கன்பேர்க் என்ற வைத்தியர், முன்கையின் இரண்டு என்புகளையும் தசையோடு பிரித்து, தோல் போர்த்து, ஒரு இடுக்கிபோல் திறந்து மூடச் செய்தார். சொந்தத் தோல் என்பதால் உணர்வு முழுதாக இருக்கும். குளிசை இல்லை, பற்றரி இல்லை, வாருமில்லை. முழங்கைக்குக் கீழே போதிய நீளம் எஞ்சியிருக்க வேண்டும், அவ்வளவே. கரண்டி பிடிக்கலாம், பொத்தான் பூட்டலாம், சுவரைத் தடவி நடக்கலாம், பிள்ளையின் கன்னத்தைத் தொட்டறியலாம். கூச்சம் தோற்றத்தில்தான். படத்தைக் காட்டி மனைவி விபரித்தபோது அவர் “நண்டுக்கால் மாதிரியோ?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். அவரை நான் குறை சொல்லேன். ஆனால் கண் தெரியாமல் இரு கைகளும் இழந்த ஒருவர், மாற்றுக்கைக்கு முன் இதைப் பற்றி ஒருமுறை உரியவரிடம் கேட்காமல் விடக்கூடாது என்பது என் எண்ணம்.

அவருக்கு மாற்றுக்கையே வேண்டும். அந்த விருப்பத்தை, அண்ணையிடம் சொன்ன அதே காரணங்களால் நான் தட்டமாட்டேன். ஒரு கை உள்ளவர் கூடுதல் வசதிக்காக ஏற்கும் ஆபத்தை, இவர் தன் உடம்பைத் தானே கழுவும் உரிமைக்காக ஏற்கிறார். வயது குறைவு, சீனி இல்லை, வீட்டில் ஆள் உண்டு, முழங்கைக்குக் கீழான இழப்பு என்பதால் நரம்புக்கு வழி தூரமில்லை. எதிராக நிற்பவை: இந்தியாவில் உறுப்புப் பகிர்வில் உள்நாட்டு நோயாளிகளுக்கே முதலிடம், அதனால் வெளிநாட்டவர் நீண்ட காலம் காத்திருக்க நேரலாம், குருதி வகை, அளவு, நிறம் பொருந்த வேண்டும், முதலாண்டை வைத்தியசாலைக்குப் பக்கத்திலேயே கழிக்க ஆயத்தமாக இருக்க வேண்டும். நிறம்பற்றி ஒரு வியப்பான செய்தி: 2017இல் கொச்சியில் ஓர் இளம்பெண்ணுக்கு ஓர் ஆணின் கைகளை மேற்கையிலிருந்து பொருத்தினார்கள், காலப்போக்கில் அவற்றின் நிறமும் வடிவும் அவர் உடலை ஒத்து மாறிவந்ததாகச் செய்திகள் வந்தன.

கொடுப்பவர் பக்கத்தையும் எண்ணிப் பார்க்கிறேன். இலங்கையில் மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவதற்கென 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கத்தின் புண்ணியத்தில் கண் கொடுப்பது இந்நாட்டில் புதிதுமன்று. ஆனால் கண்ணை எடுத்தால் இமை மூடிவிடும். கையை எடுத்தால்? நம் செத்தவீட்டில் உடலை நடுவீட்டில் கிடத்தி, கைகளை நெஞ்சில் சேர்த்து வைத்திருப்போம். வாய்க்கரிசி போட வருபவர் முதலிற் பார்ப்பது முகத்தையும் அந்தக் கைகளையும்தான். அதனால்தான் கை எடுக்கும் இடங்களில், உடலைக் குடும்பத்திடம் கொடுக்குமுன் செயற்கைக் கைகளைப் பொருத்தி அனுப்புகிறார்கள். எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது பெரியம்மா “அப்ப எடுத்ததே தெரியாது” என்றார், ஏதோ பாரம் இறங்கியவர்போல.

ரொறொன்ரோத் தம்பியின் காசு பற்றிய பேச்சு ஒருவாறு திசைமாறியிருக்கிறது. அண்ணை தனக்கு இன்னொரு கொக்கியும், இரண்டு மீற்றர் நல்ல கம்பியும் போதும் என்றுவிட்டார். மிச்சத்தை ஒழுங்கைக்காரருக்குக் கொடுப்பதில் தம்பிக்குத் தடையில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்: அந்தக் காசை முதலில் சத்திரசிகிச்சைக்கு ஒதுக்காமல், பத்து வருடக் குளிசைக்கு ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டுமென்று. அவர் இவ்வளவு விளங்கிக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை.

சென்ற கிழமை ஒழுங்கைக்காரரைச் சிறுநீரக வைத்தியரிடம் கூட்டிப்போனோம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிறியேற்றினின் அளவு சரியாக இருந்தது. வைத்தியர் அறிக்கைகளை மூடிவைத்துவிட்டு, கை பொருத்தினாலும் முதற் சில மாதங்களுக்கு விரல் வேலை செய்யாதே, காலையும் மாலையும் குளிசையை ஆர் உடைத்துக் கொடுப்பது என்று கேட்டார். “இவ்வளவு காலமும் சோறு தீத்திறன், குளிசையும் தீத்துவன்” என்றார் மனைவி. கணவர் சற்றுநேரம் தலையைக் குனிந்திருந்துவிட்டு, “அவ தீத்திறதை நிப்பாட்டத்தான் டொக்டர் கேக்கிறன்” என்றார். காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்த ஒரு மார்பு எக்ஸ்றே எடுத்திருக்கிறோம். அந்த அறிக்கை வந்ததும் கோப்பு கொச்சிக்குப் போகும்.